பனியில் மாட்டிக்கொண்ட ஊர்: 'டே ஆஃப் தி அவுட்லா' (1959) பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தைப் பாருங்கள் என்று நான் நச்சரிக்காத நண்பர்கள் குறைவு. பார்த்தவர்கள், பார்க்கத் தயங்குகிறவர்கள், பாதியில் நிறுத்திவிட்டு வந்து சண்டை போட்டவர்கள் என எல்லாரும் கேட்ட கேள்விகளைத் திரட்டி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முடிவைச் சொல்லும் கேள்விகள் கடைசியில்தான் வருகின்றன. அவற்றுக்கு முன்னால் எச்சரிக்கையும் உண்டு.

முதலில், இது என்ன படம்?

1959-இல் வெளிவந்த கறுப்பு வெள்ளை ஹாலிவுட் வெஸ்டர்ன், அதாவது அமெரிக்க மேற்கில் குதிரையும் துப்பாக்கியுமாக நடக்கும் கதை. 92 நிமிடம். இயக்கம் ஆந்த்ரே டி டோத். ராபர்ட் ரயன், பர்ல் ஐவ்ஸ், டீனா லூயிஸ் நடித்திருக்கிறார்கள். லீ வெல்ஸ் எழுதிய நாவலைத் தழுவித் திரைக்கதை எழுதியவர் ஃபிலிப் யோர்டன். யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது.

கதை சுருக்கமாக?

வயோமிங் மலைப்பகுதியில் பிட்டர்ஸ் என்று ஒரு சின்ன ஊர். பேரிலேயே கசப்பு. குளிர்காலம், சுற்றிலும் பனி. ஊரில் இருப்பது இருபது பேர். அவர்களில் பெண்கள் நால்வர். மாட்டுப் பண்ணைக்காரன் பிளேஸ் ஸ்டாரட் (ராபர்ட் ரயன்) ஒரு விவசாயியைக் கொல்லும் முடிவோடு ஊருக்குள் வருகிறான். அந்த விவசாயி தன் நிலத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போடப் போகிறான் என்பது வெளியே சொல்கிற காரணம். அவனுடைய மனைவி ஹெலனைத் (டீனா லூயிஸ்) தான் நேசிப்பது சொல்லாத காரணம். இரண்டு காரணமும் கூட வந்திருக்கும் பண்ணை மேற்பார்வையாளன் டேனுக்குத் தெரியும், ஹெலனுக்குத் தெரியும், நமக்கும் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

துப்பாக்கியை உருவப்போகும் அந்த நொடியில் கதவு திறக்கிறது. ராணுவத்தின் தங்கத்தைக் கொள்ளையடித்துவிட்டு, குதிரைப்படை துரத்த ஓடிவந்த ஏழு பேர் உள்ளே நுழைகிறார்கள். தலைவன் ஜாக் புரூன் (பர்ல் ஐவ்ஸ்), முன்னாள் ராணுவ அதிகாரி. அவன் உடம்பில் ஒரு குண்டு தங்கியிருக்கிறது. ஊர் முழுவதும் பிணையாகிறது. ஒருவரையொருவர் சுடவிருந்தவர்கள் இப்போது ஒரே கூரையின் கீழ் ஒரே எதிரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வேலி போட்டதற்காகக் கொலையா? நம்ப முடியவில்லையே?

வரப்புத் தகராறில் வெட்டுக்குத்து நடந்த செய்தியைப் படித்தே வளர்ந்த நாம் இதைக் கேட்கலாமா? இருந்தாலும் அந்த ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால் முதல் கால்மணி நேரம் வேறு படமாகத் தெரியும்.

அமெரிக்க மேற்கின் புல்வெளிகளில் பெரிய தொழில் கால்நடை. மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். மாடு எங்கே வேண்டுமானாலும் மேயும். வேலி கிடையாது. 1862-இல் வந்த குடியேற்றச் சட்டம் 160 ஏக்கர் நிலத்தை எடுத்து ஐந்து ஆண்டு உழைத்தால் அது உனக்கே சொந்தம் என்றது. விவசாயிகள் வரத் தொடங்கினார்கள். ஆனால் மரமே இல்லாத புல்வெளியில் பயிரை மாட்டிடமிருந்து எதை வைத்துக் காப்பது? 1874-இல் இலினாய் மாநிலத்து விவசாயி ஜோசஃப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பின் மேற்கின் தலையெழுத்து மாறியது. மலிவான கம்பி, நாலு கட்டை. மாடு இனி தண்ணீருக்குப் போக முடியாது.

1886-87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பனிப்புயலில் திசை தெரியாமல் ஓடியவை வேலிகளில் முட்டி அங்கேயே விறைத்துப்போன கதைகளும் உண்டு. கால்நடைப் பெருமுதலாளிகளின் கை அதோடு தளர்ந்தது. அந்தக் கோபம் 1892-இல் இதே வயோமிங்கின் ஜான்சன் கவுண்டியில் வெடித்தது. பெரிய பண்ணையார்கள் டெக்சாஸிலிருந்து கூலிப்படை வரவழைத்துச் சிறு குடியானவர்களைத் தீர்த்துக்கட்டக் கிளம்பினார்கள். ஊர் மக்கள் திரண்டு அந்தப் படையையே சுற்றி வளைத்தார்கள். கடைசியில் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் அனுப்பிய குதிரைப்படை வந்துதான் பண்ணையார்களின் உயிரைக் காப்பாற்றியது.

ஆகவே ஒரு வண்டி நிறைய முள்கம்பிச் சுருள் ஊருக்குள் வந்து நிற்பதை ஸ்டாரட் பார்க்கும்போது, நாம் பார்ப்பது கம்பி. அவன் பார்ப்பது தன் காலத்தின் பாடை.

எல்லாரும் 'சீசா காட்சி' என்கிறார்களே, அது என்ன?

மதுக்கூடம். (ஆங்கிலத்தில் இதைச் சலூன் என்பார்கள், நமக்கு அந்தச் சொல் முடிவெட்டும் கடை. வேடிக்கை என்னவென்றால், படத்தில் எலிஷா குக் நடித்திருப்பது ஊர் முடிதிருத்துபவராக.) ஒரு பக்கம் ஸ்டாரட். எதிரே விவசாயியும் அவன் பக்கத்து ஆட்களும். ஸ்டாரட் டேனிடம் ஒரு காலிச் சீசாவை மது பரிமாறும் நீள மேடைமேல் உருட்டிவிடச் சொல்கிறான். அது மறுகோடியில் தரையில் விழும்போது எல்லாரும் துப்பாக்கியை உருவலாம்.

சீசா உருள்கிறது. கேமரா அதனோடேயே நகர்கிறது. அந்த மேடை இவ்வளவு நீளமா என்று தோன்றும். மரத்தில் கண்ணாடி உரசும் சத்தம். முகங்கள். மறுபடி சீசா. விளிம்புக்கு வந்துவிட்டது. கதவு திறக்கிறது. உள்ளே புரூனின் ஆட்கள்.

வழக்கமான வெஸ்டர்ன் ஒன்றரை மணி நேரம் சேர்த்துவைத்துக் கடைசியில் அவிழ்க்கும் முடிச்சை, டி டோத் முதல் அரைமணிக்குள் நீட்டிக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்கிறார். நாம் காத்திருந்த சண்டை இனி வராது. பதிலுக்கு வந்திருப்பது என்ன என்றும் தெரியாது. படத்தின் மீதி முழுவதும் அந்த விழாத சீசா நம் தலைக்குமேல் எங்கோ உருண்டுகொண்டே இருக்கிறது.

சரி, வெஸ்டர்ன் புரிகிறது. த்ரில்லர் எங்கே இருக்கிறது?

புரூனின் மூச்சில் இருக்கிறது.

அவன் ஊருக்குள் வந்ததும் ஆட்களுக்கு இரண்டு கட்டளை போடுகிறான். ஒரு சொட்டு மது கூடாது. பெண்களைத் தொடக் கூடாது. ஆட்களோ நாள்கணக்கில் பனியில் குதிரையோட்டி வந்தவர்கள். மதுவும் பெண்களும் கைக்கெட்டும் தூரத்தில். அவர்களைத் தடுத்து நிறுத்தக் காவலர் இல்லை, சட்டம் இல்லை, கையில் ஆயுதம் உள்ள ஊர்க்காரன் ஒருவன்கூட இல்லை. துப்பாக்கிகள் எல்லாம் பறிக்கப்பட்டுவிட்டன. இருக்கிற ஒரே தடுப்பு புரூனின் வாய்ச்சொல். அந்தப் புரூனோ செத்துக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஊரைச் சிறைபிடித்தவன் பிழைத்தால்தான் ஊருக்குப் பாதுகாப்பு. ஊரில் மனிதர்களுக்கான மருத்துவர் இல்லை. கால்நடை வைத்தியர் ஒருவர்தான். அவர் கையில் கத்தி. குண்டை எடுக்கும்போது புரூனை மயக்கத்தில் ஆழ்த்தவும் முடியாது; அவன் கண்ணை மூடினால் அடுத்த அறையில் இருப்பவர்களின் கயிறு அறுந்துவிடும். வலியில் அவன் முகம் வியர்க்கிறது. வாசலில் நிற்கும் ஆட்கள் அந்த முகத்தைப் பார்க்கிறார்கள். ஊரார் அந்த ஆட்களைப் பார்க்கிறார்கள். யாருக்காக வேண்டிக்கொள்வது என்று நமக்கே குழப்பம் வரும்.

கொலைகாரன் யார், தங்கம் எங்கே என்ற வகைப் புதிர் எதுவும் இதில் கிடையாது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எப்போது என்பது மட்டும் தெரியாது. அந்த 'எப்போது'வை வைத்தே ஒரு மணி நேரம் பிடித்து நிறுத்துகிறார்கள்.

ரத்தம் அதிகமா? வீட்டில் எல்லாரும் பார்க்கலாமா?

ரத்தம் மிகக் குறைவு. ஆனால் ஒரு காட்சியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆட்களை இனியும் அடக்க முடியாது என்ற நிலையில், புரூன் ஒரு சலுகை தருகிறான்: பெண்களோடு நடனம் ஆடிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பியானோ ஒலிக்கிறது. பெண்களைப் பிடித்துச் சுழற்றுகிறார்கள். கேமராவும் கூடவே சுற்றுகிறது. ஒருத்தி களைத்து நிற்கப் பார்த்தால் அடுத்தவன் இழுத்துக்கொள்கிறான். தலைமயிர் கலைகிறது, முகங்கள் திரும்புகின்றன, பாட்டு மட்டும் உற்சாகமாகவே போய்க்கொண்டிருக்கிறது. சட்டப்படி நடக்கக்கூடாதது எதுவும் திரையில் நடக்கவில்லை. பார்த்து முடிக்கும்போது ஒரு வன்முறையைப் பார்த்த களைப்பு வரும். பத்துப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன். துப்பாக்கிச் சண்டையைவிட இந்த நடனம் மனதில் தங்கும்.

பர்ல் ஐவ்ஸ் பாடகர் அல்லவா?

ஆம், அமெரிக்கா முழுவதும் அறிந்த நாட்டுப்புறப் பாடகர். பருத்த உடம்பு, தாடி, தாத்தா குரல். அந்தக் குரலை இங்கே ஏறக்குறைய உயர்த்துவதே இல்லை. 'தி பிக் கன்ட்ரி' படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை அவர் வாங்கியதும் 1959-இல்தான். அதிலும் அவருக்குப் பண்ணையார் வேடம். எனக்குப் புரூன்தான் மேல். பழைய ராணுவ வாழ்க்கையில் யூட்டா பக்கம் நடந்த ஒரு படுகொலையின் கறை அவன்மேல் இருக்கிறது. சீருடை போய்விட்டது, ஆனால் கட்டளையிடும் பழக்கம் போகவில்லை. தன் சொல்லுக்கு ஆட்கள் கீழ்ப்படிவது ஒன்றே தன்னிடம் மிச்சமிருக்கும் மானம் என்று நினைக்கிறான். அதனால்தான் சொல் காப்பாற்றுகிறான். நல்லவன் என்பதால் அல்ல.

ராபர்ட் ரயன் கதாநாயகனா, வில்லனா?

படம் தொடங்கும்போது வில்லன் என்றுதான் சொல்ல வேண்டும். 1953-இல் வந்த 'ஷேன்' பார்த்தவர்களுக்கு ஒரு சுவாரசியம். அதிலும் வயோமிங்தான், அதிலும் பண்ணையாருக்கும் விவசாயிக்கும் தகராறு. அந்தப் படத்தில் நாம் பரிதாபப்படும் விவசாயியின் குடும்பப் பெயர் ஸ்டாரட். இங்கே அதே பெயர் எதிர்ப்பக்கத்து மனிதனுக்கு. நான் ரத்தம் சிந்தி ரவுடிகளை விரட்டினேன், ஊர் பத்திரமானதும் நீங்கள் வேலியோடு வந்துவிட்டீர்கள் என்பது அவன் வாதம். முழுப் பொய்யும் இல்லை.

ரயனுக்கு இது கைவந்த வேடம். கல்லூரியில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். உயரம், ஒட்டிய கன்னம், எதையோ விழுங்கிவிட்டாற்போல் இறுகிய வாய். வெறுப்பைச் சுமக்கும் மனிதர்களை நடிப்பதில் அவருக்கு ஈடு அன்று ஹாலிவுட்டில் குறைவு. இந்தப் படத்தில் அவர் திருந்துவதாகக் காட்டும் வசனக் காட்சி என்று எதுவும் பெரிதாக இல்லை. புரூனின் ஆட்களைப் பார்க்கிறார். ஆசைப்பட்டதைத் துப்பாக்கியைக் காட்டி எடுத்துக்கொள்ள நினைப்பவன் வெளியிலிருந்து பார்க்க எப்படி இருப்பான் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தத் தெளிவு முகத்தில் வரும் இடத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்.

இயக்குநர் யார்? கேள்விப்பட்டதே இல்லையே?

ஹங்கேரியில் 1913-இல் பிறந்து அமெரிக்கா போனவர். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. கறுப்புக் கண்கட்டோடுதான் புகைப்படங்களில் இருப்பார். ஆனாலும் 1953-இல் 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்' என்ற முப்பரிமாணப் படத்தை எடுத்து வெற்றி பெற்றவர் அவர்தான். முப்பரிமாண மாயம் தெரிய இரண்டு கண் வேண்டும். எடுத்தவருக்கே தன் படத்தின் வித்தை தெரியாது. இதைவிடப் பொருத்தமான கதையை யாரும் இட்டுக்கட்ட முடியாது.

இவ்வளவு நல்ல படம் ஏன் பேசப்படாமல் போனது?

காலம் சரியில்லை. 1959-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் குதிரைதான். வீட்டில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமானால் திரையரங்கில் வண்ணம் வேண்டும், அகலத்திரை வேண்டும், ஜான் வேய்ன் வேண்டும். அதே ஆண்டு வந்த 'ரியோ பிராவோ'வில் மூன்றும் இருந்தன. வேடிக்கை, இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே: ரஸ்ஸல் ஹார்லன். ஒன்று ஊரே கொண்டாடிய கல்யாணம். இன்னொன்று அதே தெருவில் சத்தமில்லாமல் நடந்த பதிவுத் திருமணம்.

தலைப்பும் உதவவில்லை. 'சட்டவிரோதியின் நாள்' என்றால் எந்த மலிவுப் படமாகவும் இருக்கலாம்.

வண்ணத்தில் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்காதா?

இருந்திருக்காது. வண்ணத்தில் பனி அழகாகிவிடும், வாழ்த்து அட்டை மாதிரி. இங்கே பனிக்கு அழகே இல்லை. ஆரிகன் மாநிலத்தின் பெண்ட் நகரை ஒட்டிய மலைப்பகுதியில், அசல் குளிர்காலத்தில் எடுத்தார்கள். வெள்ளைத் தாளில் சிந்திய மைப்புள்ளிகளாக மனிதர்கள் நகர்கிறார்கள். ஸ்டாரட்டும் கொள்ளைக் கும்பலைச் சேர்ந்த டெக்ஸும் தெருவில் அடித்துக்கொள்ளும் சண்டையைத் தூரத்திலிருந்தே காட்டுகிறார்கள். கால் புதைகிறது, எழ முடியவில்லை, ஓங்கிய கை பனியில் விழுகிறது. வீரம் காட்ட அந்த நிலம் இடம் கொடுப்பதில்லை.

குறையே இல்லையா?

உண்டு. ஹெலன் பாத்திரத்துக்கு முதல் பாதியில் கிடைத்த கனம் பின்னால் காணாமல் போகிறது. கும்பலின் இளைஞனுக்கும் ஊர்ப் பெண்ணுக்கும் அரும்பும் பரிவு, தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டதால் சேர்த்ததோ என்று எண்ண வைக்கும். கும்பலில் செயென் என்ற அமெரிக்கப் பூர்வகுடியின் இனக்கலப்புள்ளவனாக வருபவர் இத்தாலிய வம்சாவளி நடிகர் ஃபிராங்க் டிகோவா. அன்றைய ஹாலிவுட்டின் வழக்கமான அநியாயம். இசையும் சில இடங்களில் நம்மை நம்பாமல் முழங்குகிறது. இசையமைப்பாளர் அலெக்சாண்டர் கரேஜ் பின்னாளில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் முகப்பிசையால் பெயர் பெற்றவர்.

வெஸ்டர்ன் படமே பார்த்ததில்லை. இதிலிருந்து தொடங்கலாமா?

தாராளமாக. லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர் என்றால் வயோமிங்கும் குதிரைப்படையும் உங்களுக்கு மாமன் வீடு மாதிரி. ஒரே ஒரு சங்கடம்: டெக்ஸ் என்றால் நமக்கு மஞ்சள் சட்டை போட்ட, நியாயம் தவறாத டெக்ஸ் வில்லர். இந்தப் படத்தில் அந்தப் பேர் கும்பலிலேயே கேவலமானவனுக்கு. அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குள் இருந்த பள்ளிக்கூடப் பையன் நெளிந்தான்.

எப்படிப் பார்த்தால் நல்லது?

கைப்பேசியில் வேண்டாம். முதல் தடவை பகல் நேரப் பஸ் பயணத்தில் கைப்பேசியில் பார்த்தேன். ஜன்னல் வெயிலில் பனி, வானம், குதிரை எல்லாம் ஒரே வெளுப்பாகக் கலந்துவிட்டது. பிற்பகுதியில் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. இரண்டாம் முறை இரவில், விளக்கை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான் படத்தையே பார்த்தேன். ஆங்கில வசனத் துணையெழுத்து கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். ரயன் முணுமுணுப்பார்.

எச்சரிக்கை: இனி வருவது முடிவைச் சொல்லும். பார்க்காதவர்கள் இத்தோடு எழுந்துபோகலாம்.

மலைப்பாதை இருக்கிறது என்று ஸ்டாரட் சொன்னது பொய்யா?

பொய். ஊரைவிட்டு அவர்களை வெளியேற்ற அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கப் பாதை காட்டுகிறேன் என்று அழைத்துப் போகிறான். திரும்பி வரும் உத்தேசம் அவனுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. புரூனுக்கு இது தெரியுமா என்பதுதான் நண்பர்கள் ஓயாமல் சண்டை போடும் இடம். தெரியும் என்பது என் கட்சி. தான் பிழைக்கப்போவதில்லை என்று அறிந்த அதிகாரி, தன் ஆட்களை ஊரிலிருந்து தூரமாக நடத்திப் போகும் கடைசி அணிவகுப்பு அது. குதிரைகள் மார்பளவு பனியில் நீந்துகின்றன. பேச்சு குறைந்துகொண்டே போகிறது. புரூன் குதிரையிலிருந்து விழுகிறான். சொல் போய்விட்டது, அவ்வளவு நேரம் அது எதைத் தடுத்துவைத்திருந்தது என்பது தங்கத்துக்காக அவர்கள் ஒருவரையொருவர் சுடும்போது தெரிகிறது.

கடைசியில் ஒரு துப்பாக்கிச் சண்டைகூட இல்லையே, ஏமாற்றமாக இல்லையா?

சண்டைக்கு ஆள் வேண்டாமா? எஞ்சியவர்கள் மூவர்: ஸ்டாரட், டெக்ஸ், கும்பலின் இன்னொரு ஆளான பேஸ். மலையில் ஒரு இரவு. விடிந்தபோது பேஸ் உட்கார்ந்த நிலையிலேயே விறைத்துக் கிடக்கிறான், புருவத்தில் பனி. ஸ்டாரட் நழுவிப் போவதை டெக்ஸ் பார்க்கிறான். துப்பாக்கியை எடுக்கிறான். குறி பார்க்கும் தூரம்தான், எதிரியின் முதுகு தெரிகிறது. விசையை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். விரல் மடங்கவில்லை. கையை உதறுகிறான், மறுபடி முயல்கிறான், தடுமாறி நடக்கிறான், விழுகிறான்.

சீசா விழவே இல்லை என்றேனே, இந்த விரலும் மடங்கவே இல்லை.